மணல்மேட்டுக்குள் மறைந்த கோல்ஃப் மைதானம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆஸ்கெர்னிஷ் என்ற சின்னஞ்சிறு கடலோர ஊரின் பழைய கோல்ஃப் மைதானத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கிற சவுத் யூயிஸ்ட் தீவில் இருக்கிறது அந்த ஊர். 1891-ல் டாம் மோரிஸ் என்ற கோல்ஃப்காரர் போட்ட மைதானம், நடுவில் பல பத்தாண்டுகள் மணல்மேட்டுக்குள் மறைந்து கிடந்தது, 2008-ல் திரும்ப வந்தது என்பதுதான் அதன் சுருக்கம். அதைப் பற்றி வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வீடு இடிந்தால்கூட அஸ்திவாரம் மிஞ்சும். பதினெட்டுக் குழி கொண்ட ஒரு மைதானம் எப்படிங்க அடையாளமே தெரியாமல் போகும்? (வாசகர், திருச்செந்தூர்)

பதில்: டிவியில் பார்க்கிற கோல்ஃப் மைதானத்தை மனதில் வைத்துக்கொண்டால் இது புரியாது. புல்டோசர் விட்டு மேடு பள்ளம் செய்வது, பூமிக்கடியில் குழாய் பதிப்பது, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டுவது எல்லாம் பின்னால் வந்த பழக்கம். 1891-ல் மைதானம் போடுவது என்றால், விஷயம் தெரிந்த ஒருவர் கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவே சில நாள் நடப்பார், அவ்வளவுதான். இங்கே நின்று அடிக்கலாம், அதோ அந்தப் பள்ளத்தில் புல் சன்னமாக, தரை சமமாக இருக்கிறது, அங்கே குழி தோண்டு, அடுத்ததற்கு இந்த மேட்டைத் தாண்டி அடிக்கணும் என்று முளைக்குச்சி நட்டுக்கொண்டே போவார். புல்லை மட்டமாக வைத்திருக்க ஆடு மாடும் முயலும் இருந்தன. காற்று மண்ணை அரித்து உண்டாக்கிய பள்ளங்களும், ஆடுகள் குளிருக்கு ஒதுங்கிப் படுத்துத் தேய்த்த குழிகளும்தான் அந்தக் காலத்து பங்கர்கள், அதாவது பந்து சிக்கிக்கொள்கிற மணல்பள்ளங்கள். இப்படிக் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் இருக்கிற மணல் புல்வெளியில் ஆடுகிற மைதானத்துக்குத்தான் லிங்க்ஸ் என்று பெயர்.

அதாவது கட்டியது என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை. கட்டாத ஒன்று இடிவதற்கும் வழி இல்லை, கவனிப்பு நின்றதும் அது தரையோடு தரையாகக் கலந்துவிடும். அட்லாண்டிக் காற்று மணலைத் தூக்கி வந்து போடும், அதைப் பிடித்துக்கொண்டு மணல்புல் இடுப்புயரம் வளரும், சில வருஷங்களில் எது கிரீன் (குழியைச் சுற்றி மட்டமாக வெட்டிய புல்திட்டு), எது ஃபேர்வே (அதுவரை பந்தை அடித்துப் போகிற புல்பாதை) என்று சொல்ல முடியாது.

ஆஸ்கெர்னிஷில் அது ஒரே நாளில் நடக்கவில்லை. கோல்ஃபில் குழி என்றால் பந்து விழுகிற ஓட்டை மட்டுமல்ல, அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அதுவரை உள்ள தரை முழுவதும்தான். கடலை ஒட்டிய பெரிய மணல்மேடுகளுக்குள் இருந்த குழிகள்தான் ஆடுவதற்கு அருமையானவை, பராமரிக்கக் கஷ்டமானவையும் அவைதான். தீவில் ஆள் குறைவு, பணமும் குறைவு. 1930களில் சின்ன விமானங்கள் இறங்குவதற்கு ஆஸ்கெர்னிஷின் சமதரையைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் உலகப்போர். ஒவ்வொரு தலைமுறையிலும் மைதானம் கொஞ்சம் கொஞ்சமாக மேடுகளை விட்டு இறங்கி வந்து, கடைசியில் சமதரையில் ஒன்பது குழியோடு நின்றுவிட்டது. அதையும் ஊரில் ஒரு சிலர் சொந்த டிராக்டரில் புல்வெட்டி கட்டி இழுத்துக் காப்பாற்றி வந்தார்கள். பெரிய மைதானம் போனதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த ஒன்பது குழி ஆட்களை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் விடாமல் வைத்திருந்ததால்தான் பிற்பாடு தேடி வந்தவருக்குக் கேட்பதற்கு ஒரு கிளப்பாவது இருந்தது.

கேள்வி: ஆடு மேய்த்து, மீன் பிடித்து, கடல்பாசி பொறுக்கிப் பிழைத்த தீவு என்கிறீர்கள். அங்கே 1891-ல் கோல்ஃப் யாருக்கு வேண்டியிருந்தது? (வாசகி, மதுரை)

பதில்: தீவில் இருந்தவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது தீவின் சொந்தக்காரிக்கு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மைதானத்தின் கதை உண்மையில் அந்த நிலத்தின் கதை.

1830களின் கடைசியில் தொடங்கி சவுத் யூயிஸ்ட், பென்பெகுலா, பாரா தீவுகளைக் கர்னல் ஜான் கார்டன் என்ற பெரும் பணக்காரர் விலைக்கு வாங்கினார். மண்ணை மட்டுமல்ல, மண்மேல் இருந்த குடிகளையும் சேர்த்து வாங்கியது போலத்தான் நடந்துகொண்டார். 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, பட்டினி கிடந்த குடிகள் அவருக்குச் சுமையாகத் தெரிந்தார்கள். 1851-ல் 1,500-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். போக மறுத்து ஓடியவர்களை விரட்டிப் பிடித்துக் கட்டிக் கப்பலில் தள்ளினார்கள் என்று அந்தக் காலத்துச் சாட்சியங்கள் சொல்கின்றன. கையில் காசில்லாமல், போர்த்திக்கொள்ளக் கந்தல் மட்டும் வைத்துக்கொண்டு கியூபெக் போய் இறங்கியவர்களைப் பார்த்து அங்கிருந்த அதிகாரிகளே அதிர்ந்துபோனார்கள்.

கர்னல் 1858-ல் இறந்தார், மகன் 1878-ல் இறந்தார், சொத்து மருமகள் எமிலிக்கு வந்தது. அவர் மறுமணம் செய்துகொண்டு லேடி கார்டன் கேத்கார்ட் ஆனார். 1932-ல் இறக்கும்வரை, ஐம்பது வருஷத்துக்கு மேல், இந்தத் தீவுகள் அவர் சொத்து. தீவுக்கு வந்து போனதோ அபூர்வம். எல்லாம் எஸ்டேட் மேனேஜர் மூலமாகத்தான். மாமனார் போல ஆட்களைக் கட்டிக் கப்பலில் ஏற்றவில்லை, 1883-ல் கனடாவில் குடியேறக் கடன் கொடுத்தார். ஆனால் நிலத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று குடிகள் கேட்டபோது மட்டும் கடைசிவரை மனம் இளகவில்லை. 1908-ல் பக்கத்து வாட்டர்சே தீவில் அவருடைய பண்ணைக்குள் புகுந்து குடிசை போட்டு உருளைக்கிழங்கு நட்டார்கள் என்று பத்துப் பேரை எடின்பரோவில் இரண்டு மாதச் சிறைக்கு அனுப்பினார்கள். நாடு முழுக்க எழுந்த சத்தத்தில் அரசாங்கமே அந்தத் தீவை வாங்கிக் குடிகளுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சூழலில்தான் கோல்ஃப் வருகிறது. 1886-ல் நிறைவேறிய சட்டம் கிராஃப்டர்களுக்கு முதன்முதலாக நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டது. கிராஃப்டர் என்றால் சின்னத் துண்டு நிலத்தைப் பரம்பரைக் குத்தகையில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பொது மேய்ச்சல் தரையிலும் பங்கு உள்ள குடியானவர். இனி நினைத்தபோது அவர்களை வெளியேற்ற முடியாது, வாடகையையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. எஸ்டேட்டுக்கு வேறு வருமானம் தேவை. மீன்பிடிக்க, வேட்டையாட, காற்று வாங்க வருகிற வசதியான விருந்தாளிகள்தான் அந்த வருமானம். தீவின் துறைமுகமான லோக்பாய்ஸ்டேலில் நீராவிக் கப்பல் வந்து நிற்கிறது, அங்கே ஹோட்டலும் இருக்கிறது, கோல்ஃபும் இருந்துவிட்டால் சரி. அந்த வருஷங்களில் பிரிட்டன் முழுக்கவே இதுதான் நடந்தது. ரயில் போன கடற்கரை ஊரெல்லாம் ஒரு மைதானம் போட்டது.

ஆக, அந்த மைதானத்தில் ஆடியவர்கள் யார் என்று கேட்டால் எஸ்டேட் ஆட்கள், ஹோட்டல் விருந்தாளிகள், டாக்டர், வாத்தியார் போன்ற சிலர். ஊர்க்காரன் தோளில் பை தூக்கியிருப்பான். இதை மறைத்துவிட்டு ‘ஆதி காலத்து அழகு மைதானம்’ என்று மட்டும் எழுதினால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

கேள்வி: டாம் மோரிஸ் போட்ட மைதானம் என்று எழுதியிருந்தீர்கள். யார் அவர்? கோல்ஃப் தெரியாத எங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: 1821-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தவர். கோல்ஃப் பந்து செய்கிற பட்டறையில் தொழில் கற்றார். அப்போது பந்து என்றால் தோலைத் தைத்து உள்ளே இறகைத் திணித்துச் செய்வது. மரப்பாலில் செய்த கட்டாபெர்ச்சா பந்து புதிதாக வந்தபோது முதலாளிக்கும் இவருக்கும் அதனால் பிணக்கு வந்து, 1851-ல் மேற்குக் கரையில் இருக்கிற பிரெஸ்ட்விக் ஊருக்கு வேலைக்குப் போனார். ஓபன் என்கிற பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி அங்கேதான் 1860-ல் தொடங்கியது. முதல் வருஷம் இரண்டாம் இடம். பிறகு 1861, 1862, 1864, 1867 என்று நான்கு முறை ஜெயித்தார். கடைசியாக ஜெயித்தபோது வயது 46. ஓபனில் அதைவிட அதிக வயதில் இன்றுவரை யாரும் ஜெயித்ததில்லை. மகன் டாமி அப்பாவையும் மிஞ்சிய ஆட்டக்காரன். அவனும் நான்கு ஓபன் ஜெயித்தான், 1875-ல் 24 வயதில் இறந்துபோனான். பெரியவர் அதன் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்.

சொந்த ஊருக்குத் திரும்பி வந்து 1903 வரை செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பராமரித்தார். நடுநடுவே யார் கூப்பிட்டாலும் போய் மைதானம் வகுத்துக் கொடுத்தார், நாளுக்கு ஒரு பவுண்டும் பயணச் செலவும் கூலி என்பார்கள். அயர்லாந்தில் லஹிஞ்ச், ராயல் கவுன்டி டவுன் இரண்டிலும் அவர் கை உண்டு. எடின்பரோ பக்கத்தில் மியூர்ஃபீல்டு மைதானம் திறந்ததும் இதே 1891-ல்தான். அந்தக் கோடையில், எழுபது வயதில், கப்பலேறி சவுத் யூயிஸ்டுக்கு வந்தார். கூட வந்தவர் ஹொரேஸ் ஹட்சின்சன், இரண்டு முறை அமெச்சூர் சாம்பியன், கோல்ஃப் பற்றி நிறைய எழுதியவர். பெரியவருக்கு அந்த மணல்மேடுகள் மிகவும் பிடித்துப்போயின. இத்தனை தூரத்தில் இப்படி ஒரு தரையா என்று அசந்துபோனார்.

கேள்வி: தொலைந்ததை யார் கண்டுபிடித்தார்கள்? கண்டுபிடித்தது டாம் மோரிஸின் மைதானம்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? வரைபடம் ஏதாவது கிடைத்ததா? (வாசகர், சென்னை)

பதில்: வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் ஏதோ மண்ணைத் தோண்டிப் பழைய கோயிலை எடுத்த மாதிரி எழுதுகிறார்கள்.

நடந்தது இதுதான். 2005 கடைசியில் கார்டன் இர்வின் என்ற மைதானப் பராமரிப்பு நிபுணர் மீன்பிடிக்க சவுத் யூயிஸ்டுக்கு வந்தார். டாம் மோரிஸ் போட்ட மைதானம் இங்கே ஒன்று இருக்கிறது என்று கிளப்காரர்கள் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. பார்க்கக் கூட்டிப்போனதும் சமதரையில் கிடந்த ஒன்பது குழியைப் பார்த்து, இது அவர் வேலையாக இருக்காது என்றுதான் நினைத்தார். தரை நியாயமாக இருக்கலாம், ஆனால் பெரியவர் அசந்துபோன தரை இதுவாக இருக்க முடியாது. பிறகு அதைத் தாண்டிக் கடல் பக்கம் நடந்து, ஒரு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. மணல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தாக்குகள், முடிவில் இயற்கையாகவே கிரீன் மாதிரி உட்கார்ந்திருக்கிற திட்டுகள். இவ்வளவையும் விட்டுவிட்டு டாம் மோரிஸ் சமதரையில் முளைக்குச்சி நட்டிருப்பாரா?

அதன் பிறகு இர்வின், வடிவமைப்பாளர் மார்ட்டின் ஈபர்ட், ஊர்க்காரர்கள், வெளியூரிலிருந்து ஆர்வத்தில் வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மேடுகளுக்குள் நடந்து நடந்து பதினெட்டுக் குழிக்கு ஒரு பாதை வகுத்தார்கள். மண்ணை அள்ளிக் கொட்டவில்லை. புல்லை வெட்டினார்கள், முயல் வளைகளை மூடினார்கள், அவ்வளவுதான் பெரும்பாலும். 2008 ஆகஸ்ட் 22-ல் திறந்தார்கள். முதல் ஆறு குழி சமதரையில் போகும், ஏழாவதில் மேட்டின் உச்சிக்கு வந்து நின்றால் கடலும் மணல்மேடுகளும் மொத்தமாக விரியும். பதினாறாவதற்கு ‘ஓல்ட் டாம்ஸ் புல்பிட்’ (பெரியவர் டாமின் பிரசங்க மேடை) என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, இது அவருடைய மைதானமா? 1891-ல் அவர் நடந்த தரை இது. அவர் பார்வையில் பார்த்தால் குழிகள் எங்கே விழுந்திருக்கும் என்று தொழில் தெரிந்தவர்கள் ஊகித்திருக்கிறார்கள். இன்ன கிரீன் அவர் போட்டதுதான் என்று குழி குழியாகச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் இதை மறுபிறவி என்று சொல்வதைவிட அதே தரையில் அதே முறையில் போட்ட புதிய மைதானம் என்று சொல்வதே நேர்மை. அப்படிச் சொல்வதால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

கேள்வி: ஊர் மாடு மேய்கிற நிலத்தைப் பணக்காரர் விளையாட்டுக்குக் கொடுத்தது அநியாயம் இல்லையா? நீங்கள் அதைக் கொண்டாடுவது ஏன்? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. அங்கேயும் இதையே கேட்டார்கள், நம்மைவிடக் காரமாகக் கேட்டார்கள்.

லேடி கேத்கார்ட் காலத்தில் நிலம் அவருடையது, முடிவும் அவருடையது. முதல் உலகப்போருக்குப் பிறகு, போருக்குப் போய் வந்தவர்களுக்கு நிலம் தர வேண்டும் என்ற நெருக்கடியில் 1919-ல் சட்டம் வந்து, தீவுகளில் பெரிய பண்ணைகள் பல உடைந்து கிராஃப்டுகள் ஆயின. ஆஸ்கெர்னிஷ் பண்ணையும் அப்படியே. குடிகளுக்கு மேய்ச்சல் உரிமை வந்தது, ஆனால் மண்ணின் உடைமை எஸ்டேட்டிடமே இருந்தது. எஸ்டேட் கைமாறிக் கைமாறிக் கடைசியில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வருகிற ஒரு கூட்டுக் குழுவிடம் போய்ச் சேர்ந்தது.

பிறகுதான் அந்தப் பெரிய மாற்றம். 2006 நவம்பர் 30-ல், சவுத் யூயிஸ்ட், எரிஸ்கே, பென்பெகுலாவின் ஒரு பகுதி என 93,000 ஏக்கரை, 45 லட்சம் பவுண்டு கொடுத்துத் தீவு மக்களே வாங்கினார்கள். ஸ்டோராஸ் யூயிஸ்ட் என்ற பெயரில் ஊரார் நடத்துகிற அமைப்புதான் இப்போது நிலச்சுவான்தார். ஸ்காட்லாந்தில் அதுவரை நடந்த ஊர்க்கூட்டு நிலக் கொள்முதலில் அதுதான் பெரியது. கர்னல் கார்டன் 1851-ல் ஆட்களை விரட்டிய அதே நிலம் 155 வருஷம் கழித்து அந்தக் குடிகளின் வம்சத்துக்கு வந்தது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

புது நிலச்சுவான்தாரான ஊர் அமைப்பு கோல்ஃபை ஒரு வேலைவாய்ப்பாகப் பார்த்தது. 2011 கணக்கெடுப்பின்படி தீவில் சுமார் 1,750 பேர்தான், இளையவர்கள் படித்துவிட்டுக் கிளாஸ்கோவுக்குப் போனால் திரும்புவதில்லை. ஆனால் அந்த மேடுகளில் மாடு மேய்த்த சில கிராஃப்டர்கள் ஒப்பவில்லை. பழைய ஆவணப்படி இங்கே கோல்ஃப் ஆடும் உரிமை உண்டு என்பது ஒரு கட்சி, பதினெட்டுக் குழி என்று பரப்பினால் எங்கள் மேய்ச்சல் என்ன ஆகும் என்பது மறு கட்சி. ஸ்காட்லாந்து நில நீதிமன்றம் வரை விவகாரம் போனது. சண்டை போட்ட இரண்டு பக்கமும் ஒரே ஊர், ஒரே மாதாகோயில், ஒரே கேலிக் மொழி. வெளியிலிருந்து போய் எழுதியவர்கள் பலர் கிராஃப்டர்களை முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்ற பிடிவாதக்காரர்களாகக் காட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நூறு வருஷமாக நிலத்துக்காக ஜெயிலுக்குப் போன வம்சம், நிலத்தில் ஒருவன் கொடிக்கம்பு நட்டால் ‘எதற்கு’ என்று கேட்கத்தான் செய்யும், கேட்கவும் வேண்டும்.

இன்றைக்கு என்ன நிலைமை என்றால், குளிர்காலத்தில் ஆடு மாடு மேய்கிறது, கோடையில் ஆட்டம் நடக்கிறது. நம் ஊர் மந்தைவெளியில் அறுவடை முடிந்ததும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதும், காலையில் அங்கேயே மாடு நிற்பதும் போல ஒரே தரைக்கு இரண்டு உபயோகம். நான் கொண்டாடுவது கோல்ஃபை அல்ல. 1891-ல் ஒருவர் தன் வீட்டிலிருந்தபடியே முடிவு செய்தார். 2006-க்குப் பிறகு ஊர் கூடி, திட்டிக்கொண்டு, வழக்குப் போட்டு, அப்புறம் முடிவு செய்தது. இந்த வித்தியாசத்தைத்தான் கொண்டாடுகிறேன்.

கேள்வி: கோல்ஃப் என்றாலே தண்ணீரும் பூச்சிமருந்தும் குடிக்கிற விளையாட்டு. கடலோரச் சுற்றுச்சூழல் கெடாதா? (ஆசிரியை, தூத்துக்குடி)

பதில்: பெரும்பாலான மைதானங்களுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆஸ்கெர்னிஷ் விதிவிலக்கு, அதற்குக் காரணம் தரை. சிப்பியும் சங்கும் கடலில் அரைபட்டுத் தூளாகிக் காற்றில் வந்து படிந்த மணல், மேலே கடல்பாசியும் சாணமும் மக்கிய மெல்லிய மண். இந்தப் புல்வெளிக்கு கேலிக்கில் மாக்கர் என்று பெயர். ஸ்காட்லாந்து, அயர்லாந்தின் மேற்குக் கரைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. சுண்ணாம்புச் சத்து உள்ள மண்ணில் காட்டுப்பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூக்கும், கார்ன்கிரேக் என்ற அரிய பறவை அதற்குள் கூடு கட்டும். மழைக்குப் பஞ்சமே இல்லாத தீவு என்பதால் நீர் பாய்ச்சத் தேவையில்லை. ரசாயனம் அடித்தால் மாக்கர் மாக்கராக இருக்காது என்பதால் அதையும் தொடுவதில்லை. ஆகவே மைதானம் அங்கங்கே மொட்டையாக, பூவும் களையுமாகத்தான் இருக்கும். பச்சைக் கம்பளம் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குப் பிடிக்காது.

இந்த நிலத்துக்குப் பெரிய ஆபத்து கோல்ஃப் அல்ல, கடல்தான். 2005 ஜனவரியில் அடித்த புயல் அந்தத் தீவுகளில் உயிர்களையும் கரையையும் சேர்த்துக் கொண்டுபோனது. மணல்மேடு கரைந்தால் மைதானம் மட்டும் போகாது, பின்னால் இருக்கிற வீடும் வயலும் உப்புநீரில் நிற்கும்.

கேள்வி: இதுபோலத் தொலைந்து, திரும்பி வராமலே போன கடலோர மைதானங்களும் உண்டா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: நிறைய. இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் நேர்எதிர்.

முதலாவது நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் லிடோ. சுமார் 115 ஏக்கர் சதுப்பு நிலம். சார்லஸ் பிளேர் மெக்டோனல்டும் பொறியாளர் செத் ரெய்னரும் பக்கத்துக் கால்வாயிலிருந்து 20 லட்சம் கன கெஜம் மணலை உறிஞ்சிக் கொட்டி, ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் கையால் செய்தார்கள். 1917-ல் திறந்தது. உலகத்தின் தலைசிறந்த மைதானங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. 1942-ல் போருக்காகக் கடற்படை எடுத்துக்கொண்டதும் மைதானம் அழிந்தது, போர் முடிந்தும் அது திரும்பவில்லை. பக்கத்தில் வேறொரு மைதானம் போட்டார்கள், அது இன்றைக்கு எல்லோரும் ஆடுகிற பொது மைதானம். அப்புறம் நடந்ததுதான் வினோதம். பீட்டர் ஃப்ளோரி என்ற ஆர்வலர் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, கணினி விளையாட்டு ஒன்றுக்குள் லிடோவை அங்குலம் அங்குலமாக உருவாக்கினார். அதைப் பார்த்து, டாம் டோக் என்ற வடிவமைப்பாளர் விஸ்கான்சின் மாநிலத்தின் உள்நாட்டு மணல் பூமியில் அச்சு அசலாகக் கட்டினார், 2023-ல் திறந்தார்கள். உழைப்பு பிரமிக்க வைக்கிறது, ஆனால் அங்கே கடல் இல்லை. லிடோ பீச் ஊர்க்காரர்களுக்கு அதனால் ஒன்றும் திரும்பி வரவும் இல்லை.

இரண்டாவது இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில், செயின்ட் ஹெலன்ஸ் ஊரின் துறைமுக வாயில் பக்கம் இருக்கிற டுவர் என்ற மணல் திட்டு. 1882-ல் அங்கே ராயல் ஐல் ஆஃப் வைட் கோல்ஃப் கிளப் தொடங்கியது. அதே வருஷம் பக்கத்து பெம்பிரிட்ஜுக்கு ரயிலும் வந்தது. ஒன்பது குழி, இடிந்துபோன பழைய தேவாலயத்தின் கோபுரம் ஒருபக்கம், படகுகள் மறுபக்கம். 1953-ல் ரயில் நின்றது, 1961-ல் கிளப்பும் மூடப்பட்டது. அவ்வளவு அழகான கடற்கரை மனை, விற்றிருந்தால் பங்களாக்கள் முளைத்திருக்கும். நிலம் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குப் போனது. இப்போது யார் வேண்டுமானாலும் நடக்கலாம். கோடையில் இளஞ்சிவப்புப் பூ தரை முழுக்கப் பூக்கிறது, பழைய ரயில் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துக் கடற்கரைக் குடில்களாக்கி இருக்கிறார்கள். எண்பது வருஷம் கோல்ஃப் ஆடியதால்தான் அந்தத் திட்டில் செங்கல் ஏறவில்லை. அந்த மட்டில் கிளப்புக்கு ஊர் நன்றி சொல்ல வேண்டும். மூடியதும் நிலத்தை ஊருக்கே திறந்துவிட்டார்களே, அதற்கு இன்னும் பெரிய நன்றி. லிடோவில் மைதானம் பிழைத்தது, இடம் போனது. டுவரில் மைதானம் போனது, இடம் பிழைத்தது. இரண்டில் ஒன்று என்றால் எனக்கு டுவர் போதும்.

கேள்வி: ஆஸ்கெர்னிஷுக்கு நம்மைப் போன்றவர்கள் போக முடியுமா? மெம்பர் ஆகணுமா? (வாசகி, சேலம்)

பதில்: மெம்பராக வேண்டியதில்லை. கட்டணம் கட்டிவிட்டு வெளியாட்களும் ஆடலாம், ஆடத் தெரியாவிட்டால் கடற்கரைப் பக்கம் நடந்து பார்க்கலாம். கிளாஸ்கோவிலிருந்து பென்பெகுலாவுக்குச் சின்ன விமானம் போகிறது, அங்கிருந்து சாலைவழி தெற்கே வரலாம். கடல்வழி என்றால் மல்லெய்க் துறைமுகத்தில் ஏறி லோக்பாய்ஸ்டேலில் இறங்கலாம், மூன்றரை மணி நேரம் ஆகும். காற்று மோசமாக இருந்தால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள், அதனால் திரும்பும் பயணத்துக்கு ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் மாதங்கள் நல்லவை, மாக்கர் பூக்கத் தொடங்கியிருக்கும், இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.